தோற்றவர் கணக்கு

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு போட்டியில் தோற்றுவிட்டீர்கள்.

சாதாரணத் தோல்வி இல்லை. பதினாறு மாதம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறீர்கள். எதிரே நிற்கிற ஆளுக்கு அனுபவம் போதாது, அவரை நம்பி நாட்டைக் கொடுக்க முடியாது என்று மேடைக்கு மேடை பேசியிருக்கிறீர்கள். கைக்காசு ஒரு கோடி டாலருக்கு மேல் இறக்கியிருக்கிறீர்கள். கோடிக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்று உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது. அப்படியும் போச்சு. மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் நாலு பெரிய மனிதர்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள். 'தோத்துட்டேன்னு சொல்லிடுங்கம்மா. கையோட, அவருக்கே ஓட்டுப் போடுங்கன்னு ஒரு அறிக்கையும் விட்டுடுங்க.'

விடுவீர்களா?

2008 ஜூன் மாதம் ஹிலாரி க்ளின்டன் முன்னால் வந்து நின்ற கேள்வி இது. பதில் சுலபம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் ஊரில் இந்தத் தலைவலி கிடையாது. வேட்பாளர் யார் என்று தலைமை ஒரு பட்டியல் வெளியிடும், முடிந்தது கதை. அமெரிக்காவில் அந்தப் பட்டியலை ஜனங்களே எழுதுகிறார்கள். ஜனவரியில் ஆரம்பித்து ஜூன் வரைக்கும், மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு. பிரைமரி என்று பெயர். வாங்கிய ஓட்டுக்குத் தகுந்தபடி டெலிகேட்கள். அந்த டெலிகேட்கள் கோடைக்காலத்தில் மாநாட்டில் கூடி, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று முறைப்படி அறிவிப்பார்கள். அதாவது, நவம்பரில் எதிர்க்கட்சியோடு மோதுவதற்கு முன்னால் ஆறு மாதம் சொந்த வீட்டுக்குள்ளேயே அடிதடி. அடித்துக்கொண்ட அதே ஆட்கள் அப்புறம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

2008-ல் ஜனநாயகக் கட்சியில் நடந்தது அந்த மாதிரி அடிதடிகளில் உச்சம். ஜனவரி 3-ஆம் தேதி அயோவாவில் பராக் ஒபாமா முதலிடம்; ஹிலாரி மூன்றாவது. ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி எழுந்துவிட்டார். பிப்ரவரியில் ஒபாமா வரிசையாகப் பதினொரு போட்டிகளில் ஜெயித்தார். அங்கேதான் ஹிலாரிக்குச் சிக்கல் ஆரம்பம். ஜனநாயகக் கட்சியில், ஜெயித்தவருக்கே எல்லாம் என்கிற ஏற்பாடு இல்லை. விகிதாசாரப் பங்கீடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒருமுறை பின்தங்கினால் எட்டிப் பிடிப்பது மகா கஷ்டம். மார்ச்சில் டெக்சாஸ் பிரைமரியில் ஹிலாரிதான் ஜெயித்தார். ஆனால், அதே மாநிலத்தில் நடந்த காகஸ் கூட்டங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் டெலிகேட் அதிகம் ஒபாமாவுக்கு! ஜெயித்தும் நஷ்டம்.

மார்ச் கடைசியிலேயே செனட்டர் பேட்ரிக் லீஹி போன்ற சீனியர்கள் 'போதும், விலகிடுங்க' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தம்மா கேட்கவில்லை. கேட்காததில் தப்பே இல்லை என்பது என் கட்சி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஆட்டக்காரரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஏப்ரலில் பென்சில்வேனியாவில் ஜெயித்தார். மே மாதம் இண்டியானாவில் மயிரிழையில் ஜெயித்தார். மேற்கு வர்ஜீனியாவில் 41 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். இப்படி ஜெயிக்கிறவரிடம் போய், நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது?

அது மட்டுமில்லை. ஹிலாரி இழுத்த இழுப்பில் ஒபாமாவும் எல்லா மாநிலத்திலும் ஆள் போட்டு, அலுவலகம் திறந்து, புது வாக்காளர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எட்டிப் பார்க்காத இண்டியானாவில்கூட. அந்த நவம்பரில் ஒபாமா இண்டியானாவில் ஜெயித்தார். 1964-க்குப் பிறகு அந்தக் கட்சி அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. வீட்டுச் சண்டையில் இப்படியும் ஒரு லாபம்.

ஆனால், சண்டை நீள நீளக் கணக்கு வேறு மாதிரிப் போக ஆரம்பித்தது. ஃப்ளோரிடா, மிச்சிகன் இரண்டும் கட்சி விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தியதால் தண்டிக்கப்பட்ட மாநிலங்கள். மிச்சிகனில் ஓட்டுச் சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. அதையும் சேர்த்துக் கூட்டினால் மொத்த ஓட்டில் நான்தான் முன்னால் என்றார் ஹிலாரி. பி.காம். முதல் வருஷத்தில் இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டு நீட்டியிருந்தால் என் வாத்தியார் பேப்பரை முகத்திலேயே விசிறியடித்திருப்பார்.

ஜூன் 3. மொன்டானா, தெற்கு டகோட்டா. கடைசி இரண்டு மாநிலங்கள். ஆளுக்கு ஒன்று. ஆனால், அன்றைக்கு இரவு ஒபாமா 2,118 டெலிகேட் என்கிற கோட்டைத் தாண்டிவிட்டார். முடிந்தது.

அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்குக் காலை. நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகையில் வெளிநாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தால்தான் பதினொரு மணிக்குப் பக்கம் போகும். நியூயார்க்கில் ஒரு கல்லூரி உள்ளரங்கம். ஹிலாரியை மேடைக்கு அழைத்தவர் 'அடுத்த ஜனாதிபதி' என்றே அறிமுகம் செய்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஹிலாரி பேசினார், பேசினார், கடைசிவரை தோற்றேன் என்று சொல்லவில்லை. இன்று இரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

எனக்கு எரிச்சல். தலைப்பு போட முடியவில்லையே! பக்கத்து சீட்டில் ஒரு சீனியர் சப் எடிட்டர். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஹிலாரி கட்சி.

"கணக்கு முடிஞ்சுபோச்சேக்கா. சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றேன்.

அக்கா ப்ரூஃபிலிருந்து நிமிரவில்லை. "ஏம்ப்பா, பி.காம். படிச்சா எல்லாத்தையும் கணக்காத்தான் பாப்பியா? இன்னிக்கு அந்தம்மாவுக்கு ஓட்டுப் போட்டவங்கல்லாம் வீட்ல உக்காந்து அழுதுட்டிருப்பாங்க. முதல்ல அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டும். அந்த ஆளுகிட்ட அப்புறமா போகட்டுமே. என்ன இப்ப?"

கணக்கு முடிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால், அக்கா பேசியது அதைப் பற்றி இல்லை. நாம் எல்லோரும் இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறோம். ஒன்று, தோல்வியை ஒப்புக்கொள்வது. இன்னொன்று, ஜெயித்தவரை ஆதரிப்பது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றா?

தோல்வியை ஒப்புக்கொள்வது வெறும் கூட்டல் கழித்தல். 2,118 வந்துவிட்டது என்றால் வந்துவிட்டது. அதைச் சொல்ல மனசு ஆற வேண்டும் என்று அவசியமில்லை. அது ஜெயித்தவருக்குச் சேர வேண்டிய பாக்கி. ஒருநாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

ஆதரவு அப்படியில்லை. அது ஜெயித்தவருக்கான பாக்கியே கிடையாது. ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் உங்களை நம்பி ஓட்டுப் போட்டார்களே, 'இப்ப நாங்க என்ன பண்றது?' என்று அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிற பதில் அது. அதற்கு நாலு நாள் ஆனால் ஆகட்டும்.

ஹிலாரிக்குச் சரியாக நாலு நாள் ஆனது. ஜூன் 7, சனிக்கிழமை. வாஷிங்டனில் பழைய, பிரம்மாண்டமான கட்டட அருங்காட்சியகம். நமக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பேச்சை முழுக்கப் பார்த்தேன். முதலில் அவர் ஒபாமாவிடம் போகவில்லை. தனக்கு வேலை பார்த்தவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் நன்றி சொன்னார். அப்புறம்தான் ஒபாமா. வந்தபிறகு அரைகுறையாக இல்லை. மாற்றி மாற்றி, அதனால்தான் ஒபாமாவை ஜெயிக்க வைக்க வேண்டும், அதனால்தான் ஒபாமாவை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு காரணத்தோடும் சேர்த்துச் சொன்னார். கடைசிப் பகுதியில், பெண்களுக்கு மேலே இருக்கிற அந்தக் கண்ணாடிக் கூரையை நம்மால் உடைக்க முடியவில்லை, ஆனால் அதில் 1 கோடியே 80 லட்சம் விரிசல் விழுந்திருக்கிறது என்றார். ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு விரிசல்.

வீட்டிலிருந்து அழுதவர்களுக்கு அக்கா கேட்ட ரெண்டு வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை அக்காவிடம் கேட்டதற்கு, "ம், பரவால்ல" என்றார். அக்காவிடமிருந்து அது பெரிய சர்டிஃபிகேட்.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பேச்சிலும் அவர் பிரசாரத்தை 'முடிக்கிறேன்' என்று சொல்லவில்லை. 'நிறுத்தி வைக்கிறேன்' என்றார். அமெரிக்காவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேர்தல் சட்டத்தில் இந்த வார்த்தைக்குத் தனி மதிப்பு கிடையாது. கட்சி விதிப்படி கிடைத்த டெலிகேட்களை மாநாடு வரைக்கும் கையில் வைத்துக்கொள்ள உதவும். கடையை மூடாமல் ஷட்டரை மட்டும் இறக்கிவிடுவது.

நாலு நாள் சரி. எழுபது நாள்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. 1980. ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து, அதே ஜனநாயகக் கட்சியில் டெட் கென்னடி நின்றார். ஜான் கென்னடியின் தம்பி. அந்த வருஷமும் கடைசி பிரைமரி நாள் ஜூன் 3-தான், பாருங்கள். அன்றைக்குக் கலிஃபோர்னியா, நியூ ஜெர்ஸி எல்லாம் கென்னடி பக்கம். ஆனாலும் தேவையான டெலிகேட் கார்ட்டரிடம் சேர்ந்துவிட்டது. கென்னடி ஒதுங்கவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது. ஆகஸ்டில் நியூயார்க் மாநாட்டுக்கே வந்து, டெலிகேட்களைக் கட்டிப்போடும் விதியை எடுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் அவர்கள் ஓட்டுப் போடட்டும் என்று கேட்டார். ஜனங்கள் கார்ட்டருக்கென்று போட்ட ஓட்டில் வந்த டெலிகேட்களை அவிழ்த்துவிடச் சொல்கிறார்! மாநாடு மறுத்தது. அன்றிரவுதான் விலகினார்.

மறுநாள் அவர் பேசிய பேச்சு, அமெரிக்க மாநாட்டுப் பேச்சுகளிலேயே பெரிய இடத்தில் வைத்துப் பேசப்படுகிறது. கேட்ட ஜனம் உருகிவிட்டது. கார்ட்டரை வாழ்த்தி ஒரு வரி வருகிறது. ஒரே வரி. மற்றதெல்லாம் தன் கட்சி, தன் கொள்கை, தன் கனவு.

கடைசி நாள் கார்ட்டர் பேசி முடித்து மேடையில் காத்திருக்கிறார். அமெரிக்க அரசியலில் ஒரு போட்டோ உண்டு. ஜெயித்தவரும் தோற்றவரும் கைகோத்து மேலே தூக்குவது. அந்த ஒரு போட்டோவுக்காகக் கட்சியே காத்திருக்கிறது. கென்னடி தாமதமாக வந்தார். கை குலுக்கினார். மேடையில் நின்றவர்களோடு பேசினார். கார்ட்டர் பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பார்க்கிறார். தூக்கிப் பிடிக்க அந்தக் கை கிடைக்கவில்லை. நாடே டி.வி.யில் பார்த்தது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த பங்காளி போட்டோவுக்கு மட்டும் நிற்காமல் நழுவுவாரே, அச்சு அசல் அதுதான்.

நவம்பரில் ரொனால்டு ரீகனுக்கு 489 எலெக்டோரல் ஓட்டு. கார்ட்டருக்கு 49. அதற்குக் கென்னடிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். விலைவாசி எகிறிக் கிடந்தது, ஈரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். கென்னடி அந்த இலையுதிர் காலத்தில் கார்ட்டருக்காகப் பிரசாரத்துக்கும் போனார். ஆனால், ஜூனில் கொடுத்தால் பத்து ரூபாய் பெறுகிற பொருளை ஆகஸ்டில் கொடுத்தால் நாலணாகூடத் தேறாது. காமர்ஸ் படித்தவர்கள் இதைத் தேய்மானம் என்போம்.

சரி, தாமதம் செய்து ஏதாவது வாங்கிக்கொண்டால்? பேரம் தப்பா?

என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2016-ல் பெர்னி சாண்டர்ஸ் ஐந்து வாரம் தாமதித்தார். ஜூன் 7-ல் ஹிலாரி கோட்டைத் தாண்டியாயிற்று. ஜூலை 12-ல்தான் சாண்டர்ஸ் அதே நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரியோடு மேடை ஏறினார். இந்தத் தடவை ஹிலாரி காத்திருக்கும் முறை! அந்த ஐந்து வாரத்தில் சாண்டர்ஸ் என்ன செய்தார்? மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பதைக் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏற்றினார். குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியில் கட்டணம் கிடையாது என்று ஹிலாரியைச் சொல்ல வைத்தார். தனக்கொரு பதவி கேட்டதாகத் தெரியவில்லை. தனக்கு ஓட்டுப் போட்டவர்கள் எதற்காகப் போட்டார்களோ, அதில் கொஞ்சத்தையாவது வாங்கிக்கொடுத்தார். இது பேரம்தான். ஆனால், யார் பெயரில் ரசீது போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

அப்படியும் அவர் ஆட்கள் எல்லோரும் அவர் பின்னால் போகவில்லை. மாநாட்டுக்கு வந்த சொந்த டெலிகேட்களிடம் ஹிலாரியை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று சாண்டர்ஸ் சொன்னபோது அவர்களே 'பூ' என்று கத்தினார்கள். பிறகு நடந்த ஒரு பெரிய ஆய்வுப்படி, பிரைமரியில் சாண்டர்ஸுக்குப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் நவம்பரில் டிரம்புக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டை அப்படியே தூக்கி இன்னொருத்தர் பையில் போட முடியாது என்பது கட்சிக்காரர்களுக்குத் தெரிந்தும் புரியாத விஷயம். 2024-ல் நிக்கி ஹேலி மார்ச் 6-ஆம் தேதியே விலகிவிட்டார். அன்றைக்கு டிரம்பை ஆதரிக்கவும் இல்லை. அந்த ஓட்டை அவரே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து இண்டியானா பிரைமரியில், ஆளே களத்தில் இல்லாதபோது, ஐந்தில் ஒருவருக்கு மேல் ஹேலிக்கு ஓட்டுப் போட்டார்கள்! அந்த மே மாதமே ஹேலி, என் ஓட்டு டிரம்புக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

ஆதரிக்க மனசே வரவில்லையா? அப்படியானால் சொல்ல வேண்டாம். அதுவும் ஒரு பதில்தான். 2016-ல் டெட் க்ரூஸ் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையிலேயே நின்றுகொண்டு, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொல்லி, டிரம்பை ஆதரிக்க மறுத்தார். அரங்கமே ஊளையிட்டது. தன் மனைவியையும் அப்பாவையும் தாக்கிப் பேசியவருக்கு எப்படி என்று மறுநாள் நியாயம் கேட்டார். எனக்கு க்ரூஸின் அரசியல் எதுவும் ஒத்துவராது. ஆனாலும் அன்றைக்கு அந்த மனுஷனைப் பிடித்தது. செப்டம்பரில் அதே டிரம்புக்கு ஆதரவு என்று அறிக்கை வந்தது. ஜூலையில் ஊளையிட்டவர்களும் நம்பவில்லை, கைதட்டியவர்களும் மதிக்கவில்லை.

ஹிலாரி கதைக்கு வருகிறேன். பேசினதோடு விட்டுவிடவில்லை அவர். ஜூன் 27-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சின்ன ஊரில் இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். ஊர் பெயர் யூனிட்டி, ஒற்றுமை. ஜனவரி பிரைமரியில் அந்த ஊரில் ஹிலாரிக்கு 107 ஓட்டு, ஒபாமாவுக்கும் 107. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஆகஸ்டில் டென்வர் மாநாடு. இங்கே ஒரு நுணுக்கம் கவனியுங்கள். வாக்கெடுப்பே வேண்டாம், நேராக ஒபாமா என்று அறிவித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஹிலாரி பக்கத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பெயரும் பட்டியலில் வர வேண்டும், எங்கள் ஓட்டும் எண்ணப்பட வேண்டும். ஒபாமா சம்மதித்தார். மாநிலம் மாநிலமாக எண்ணிக்கை நடந்தது. நியூயார்க் முறை வந்ததும், எழுந்தவர் ஹிலாரியே. விதிகளை நிறுத்திவைத்து, ஒபாமாவை ஒருமனதாகக் குரல் ஓட்டில் தேர்ந்தெடுக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். அரங்கம் அதிர்ந்தது. தன் ஆட்களின் ஓட்டு எண்ணப்பட்ட பிறகு, எண்ணிக்கையை நிறுத்தியதும் அவர்தான்.

டிசம்பரில் அவரை வெளியுறவு அமைச்சராக்கப்போவதாக ஒபாமா அறிவித்தார். இதற்காகத்தான் எல்லாமே என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும்.

எனக்கு அதைவிட சுவாரஸ்யமானது அந்தப் பிரசாரத்தின் கடன் கணக்கு. ஓட்டம் முடிந்தபோது சொந்தப் பணத்தையும் சேர்த்து 2 கோடி டாலருக்கு மேல் பாக்கி. ஜூனில் ஹிலாரியின் நன்கொடையாளர்களை வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் சந்தித்த ஒபாமா, தன் சொந்தக் கணக்கிலிருந்து 2,300 டாலருக்குச் செக் கொடுப்பதாகச் சொன்னார். அன்றைய சட்டப்படி ஒருவர் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு அவ்வளவுதான். ஹிலாரி தான் போட்ட சுமார் 1.3 கோடி டாலரை வாராக் கடன் என்று எழுதித் தள்ளிவிட்டார். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். அமைச்சரான பிறகு அவர் நேரடியாக நன்கொடை கேட்க முடியாது. அதனால் 2010-ல், நன்கொடை கொடுங்கள், குலுக்கலில் விழுந்தால் பில் க்ளின்டனோடு நியூயார்க்கில் ஒருநாள் என்று திட்டம் போட்டார்கள். நம் ஊர் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக் குலுக்கல் தோற்றது.

பாக்கி முழுசாக அடைந்த விவரம் 2013 ஜனவரியில் தேர்தல் ஆணையத்துக்குப் போனது. ஹிலாரி அமைச்சர் பதவியிலிருந்து இறங்கச் சில நாட்களே இருந்தன. அந்த முறை எங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி.